நகர்த்தும் கை எவருடையது?

விளையாட்டைப் பற்றி எழுதுவதா, அதுவும் இந்தப் பக்கத்திலே? விலைவாசி இருக்கிறது, காவிரி நீர் இருக்கிறது, கொள்முதல் நிலைய வாசலிலே மழையில் நனையும் நெல் மூட்டை இருக்கிறது. இத்தனையையும் ஒதுக்கிவிட்டு ஆடு புலி ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்களே என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு. இது விளையாட்டுப் பேச்சா, வினைப் பேச்சா என்பதைப் படித்த பிறகு அவர்களே தீர்மானிக்கட்டும்.

2022ஆம் ஆண்டுக் கோடையிலே ஒரு வேலையாக மன்னார்குடிக்குப் போயிருந்தோம். சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, வயல் வெடித்துக் கிடக்கும் காலம். மேட்டூர் திறக்கும் நாளை எண்ணிக்கொண்டு, வேலையில்லாக் கைகள் திண்ணையிலே காத்திருக்கும் காலம். திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு என்பார்கள். நாம் மதிலைப் பார்க்கப் போகவில்லை. பாமணி ஆற்றுப் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்கு எதிரே ஒரு சிமெண்டுத் திண்ணை. பஸ்ஸுக்காக அங்கே உட்கார்ந்தோம்.

திண்ணையின் ஒரு முனையிலே கரித்துண்டால் கட்டம் போட்டு இருவர் ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவர் அறுபதைத் தாண்டியவர். வயலிலே வளைந்த முதுகு. எதிரே அவருக்கு மருமகன் முறையான வாலிபன். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பெரியவர் ஆட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ரெண்டு ஆடு போச்சு! இனி எங்கேருந்து அடைக்கிறது?" என்றான் வாலிபன், வெற்றிக் களிப்போடு.

"போனது ரெண்டுதானேடா மாப்ள. பதிமூணு நிக்குதுல்ல? நீ ஆட்டப் பாரு. நான் எடத்தப் பாக்குறேன்."

திண்ணையின் மறுமுனையிலே இன்னொரு இளைஞன். தனியாக, சுவரிலே சாய்ந்து, கைப்பேசிக்குள்ளே தலையைப் புதைத்திருந்தான். அவன் ஆடியதும் ஆட்டந்தான். இணையவழி ரம்மி. திருப்பூர் பனியன் கம்பெனியிலே ஆறு மாதம் உழைத்துச் சேர்த்த கூலி, ஊருக்கு வந்த மூன்றாம் வாரத்திலே கரைந்துவிட்டது என்று டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் காதோடு சொன்னார். இனிமேல் கடன் வாங்கி ஆடுகிறானாம், விட்டதைப் பிடிக்க!

ஒரே திண்ணை; இரண்டு ஆட்டங்கள். இரண்டும் பொழுதுபோக்கு என்பார்கள். இரண்டும் மூளைக்கு வேலை என்பார்கள். நாம் கேட்கும் கேள்வி வேறு. முடிவைத் தீர்மானிப்பது எவருடைய கை?

முதலில் ஆடு புலியை எடுத்துக்கொள்வோம். நாட்டுப்புறத்துத் தோழர்களுக்கு இதை விளக்குவது மீனுக்கு நீச்சல் கற்பிப்பதாகும். ஆனாலும் நகரத்துத் தோழர்களுக்காகச் சொல்கிறோம். முக்கோணத்தைக் கோடுகள் வெட்டிச் செல்லும் கட்டம்; அதிலே 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. ஊருக்கு ஊர் விதி சற்று மாறும், அடிப்படை ஒன்றே. ஆடுகள் ஒவ்வொன்றாகக் கட்டத்திலே இறங்கும். கடைசி ஆடு இறங்கும்வரை, இறங்கிய ஆடு எதுவும் இடம் பெயர முடியாது. அதற்குள்ளே புலி இஷ்டம்போல் அலையும். ஆட்டை ஒட்டிப் புலி நின்று, அந்த ஆட்டுக்கு நேர் பின்னே இடம் காலியாக இருந்தால், தாண்டிக் குதித்து வெட்டிவிடும். பின்னே இன்னொரு ஆடு நின்றுவிட்டாலோ, புலியால் ஒன்றும் செய்ய இயலாது. பல்லும் நகமும் இருந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்!

ஆட்டுக்குப் பல்லில்லை. ஆட்டால் ஒரு புலியையும் கொல்ல முடியாது. ஆனாலும் ஆடு ஜெயிக்கலாம். மூன்று புலிக்கும் நகர வழியில்லாமல் அடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கணக்கைப் பாருங்கள்: ஒரு ஆடும் சாகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால், 23 புள்ளியில் 18 நிறைந்துபோகும்; புலி மூச்சுவிட மிஞ்சுவது ஐந்தே இடம். ஒவ்வொரு ஆடு சாகும்போதும் புலிக்கு ஓர் இடம் கூடுகிறது. "நான் எடத்தப் பாக்குறேன்" என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அதன் பொருள் இதுதான். பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராதவர், இந்த ஆட்டத்தின் உயிர்நிலையை ஒரு வரியிலே சொல்லிவிட்டார்!

நேபாளத்திலே இதற்கு ஓர் உறவு ஆட்டம் உண்டு. பாக் சால் என்பர். அங்கே புலி 4, ஆடு 20, புள்ளி 25. அந்த ஆட்டத்தைக் கணிப்பொறியிலே போட்டு அலசிய ஆராய்ச்சியாளர்கள் கண்ட முடிவு, இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி கிடையாது, சமநிலைதான் என்பது. புலியாகப் பிறந்ததால் வெற்றி நிச்சயமில்லை. ஆடாகப் பிறந்ததால் தோல்வி விதிக்கப்படவுமில்லை. தோற்றவன் எங்கோ ஓரிடத்திலே தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்தான், அவ்வளவே.

தஞ்சைத் தரணியிலே இந்த ஆட்டம் வேரூன்றி நின்றதிலே வியப்பென்ன? பண்ணையாளைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்த மண் இது. சாணிப்பால் புகட்டிய மண் இது. அந்தக் கொடுமை தனி ஒரு பண்ணையாளின் வீரத்தாலா ஒழிந்தது? தனியாக நிமிர்ந்தவன் வெட்டுப்பட்டான். அவனுக்குப் பின்னே இடம் காலியாக இருந்தது. 1940களிலே சீனிவாசராவ் போன்றோர் சேரி சேரியாக நடந்து, ஒருவன் பின்னே ஒருவனை நிறுத்திய பிறகுதான் சவுக்கு கீழே விழுந்தது. 1952ஆம் ஆண்டு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்த அணிவகுப்புக்குப் பிறகுதான். எவருடைய கருணையாலும் அன்று.

இங்கே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் தோழர்களுக்குச் சற்றுக் கசக்கும். தேர்ந்த ஆட்டக்காரன் ஓர் ஆட்டைத் தெரிந்தே பலி கொடுப்பான். புலியை ஒரு மூலைக்கு இழுத்து, அந்த மூலையிலேயே அடைப்பான். புளியங்கொட்டைக்கு வலியில்லை, ஆகவே கட்டத்திலே அது சாமர்த்தியம். ஆனால் கிளைச் செயலாளராக, சங்கத் தலைவராக உட்கார்ந்திருப்பவர், கூட நிற்பவனைப் புளியங்கொட்டையாக எண்ணத் தொடங்கினால்? வேலைநிறுத்தத்திலே எவனுடைய வீட்டு அடுப்பு அணையும் என்று அவனைக் கேளாமலே தீர்மானித்தால்? நகர்த்தும் கை எவருடையது என்ற கேள்வி புலியைப் பார்த்து மட்டும் கேட்பதற்கல்ல.

இனி, பகடை ஆட்டங்கள். பரமபதம் என்று ஒன்று இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவிலே கண் விழிக்க ஆடுவார்கள். தாயம் விழுந்தால் காய் இறங்கும், ஏணி வந்தால் ஏற்றம், பாம்பு வந்தால் இறக்கம், உச்சியிலே வைகுண்டம். இதை வெள்ளைக்காரன் தன் நாட்டுக்குக் கொண்டுபோய், புண்ணிய பாவங்களை மாற்றி எழுதி, குழந்தைகளுக்கு விற்றான். ஆட்டக்காரன் இதிலே செய்வது என்ன? உருட்டுகிறான். விழுந்ததை எண்ணுகிறான். எண்ணியபடி வைக்கிறான். ஓரிடத்திலேனும் "இப்படிப் போகலாமா, அப்படிப் போகலாமா" என்று யோசிக்க வழியுண்டா? கிடையாது! ஏறியவன் தகுதியால் ஏறவில்லை. இறங்கியவன் குற்றத்தால் இறங்கவில்லை. ஆனால் கட்டத்திலே மட்டும் ஏணிக்குப் புண்ணியம் என்றும் பாம்புக்குப் பாவம் என்றும் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பகடை செய்ததற்குப் பழி காயின் தலையிலே. ஏழையாகப் பிறந்தவனைப் பார்த்து முற்பிறவிப் பயன் என்றவர்களுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனதிலே அதிசயமில்லை. குழந்தைகள் ஆடட்டும், சிரிக்கட்டும். அதை நாம் தடுக்கவில்லை. வளர்ந்தவர்கள் வாழ்க்கையையே அந்தக் கட்டமென்று நம்பும்போதுதான் கோபம் வருகிறது.

தாயக்கட்டம் நடுவிலே நிற்கிறது. உருளுவது நம் கையில் இல்லை. விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். வெட்டலாமா, மலையேறிப் பத்திரமாக உட்காரலாமா என்று அங்கே ஒரு யோசனை உண்டு. மழை நம் கையிலில்லை, நாற்று விடும் நாள் நம் கையில் என்று வாழும் உழவனுக்கு அது ஏற்ற ஆட்டந்தான். பெண்கள் ஆடும் பல்லாங்குழியோ, பகடையே இல்லாதது. பதினான்கு குழி, எந்தக் குழியிலே அள்ளத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று ஒரு சுற்று, இரண்டு சுற்று முன்னே மனக்கணக்குப் போட வேண்டும். பெண்கள் பொழுதுபோக்கு என்று அதை ஏளனம் செய்யும் ஆண்சிங்கங்கள் நம் இயக்கத்திலும் உண்டு. அவர்கள் ஒரு நாள் தம் பாட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஆடிவிட்டு வந்து பேசட்டும்!

மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையிலே பூவனூர் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டுள்ள தெய்வத்துக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். தலபுராணம் கூறுவது இது: ஓர் அரசனுக்கு ஒரு பெண், சதுரங்கத்திலே அவளை வெல்வார் எவருமில்லை, வெல்பவனுக்கே பெண் என்றான் தகப்பன், கடைசியிலே சிவபெருமானே கிழவர் வேடத்திலே வந்து, ஆடி, வென்று, மணந்தாராம். 2022 ஜூலை 28 அன்று சென்னையிலே 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடைத் தொடங்கிவைத்த பிரதமர்கூட இந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேசினார்.

புராணத்தை நம்பச் சொல்லி நாம் எழுதவில்லை. ஆனால் கதை கட்டியவனின் புத்தியைக் கவனியுங்கள். சீதைக்கு வில்லொடிப்பு, திரௌபதிக்குக் குறி பார்ப்பு. தோள்வலிக்கும் கண்வலிக்குமே அங்கே மதிப்பு. பூவனூர்க் கதையிலே தோள்வலி செல்லாது. கடவுளே ஆனாலும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பெண்ணின் மூளையோடு மோதி, காய் காயாக நகர்த்தித்தான் ஜெயிக்க வேண்டும். வரம் கேட்டு வாங்க வழியில்லை. மந்திரம் போட இடமில்லை. மூளைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த கதை நம் வட்டாரத்திலே பிறந்ததென்றால் பெருமைப்படலாம். ஒரு குறை மட்டும் நெஞ்சிலே உறுத்துகிறது. ஆட்டத்திலே ஒவ்வொரு காயையும் தன் விருப்பப்படி நகர்த்திய அந்தப் பெண்ணை, கலியாணத்திலே எவராவது விருப்பம் கேட்டார்களா?

அந்த ஒலிம்பியாடு ரஷ்யாவிலே நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் இடம் மாறி மாமல்லபுரத்துக்கு வந்தது. அதற்கு முன்பே சென்னையிலே சதுரங்கத்துக்கு வேர் இருந்தது. 1961ஆம் ஆண்டிலேயே சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் மானுவல் ஆரோன் இங்கே இருந்தார். சோவியத் கலாச்சார நிலையத்திலே மிகைல் தால் பெயரால் ஒரு சதுரங்க மன்றம் நடந்தது. அங்கே ஆடிப் பழகிய சிறுவன்தான், 1969ஆம் ஆண்டு நம் மயிலாடுதுறையிலே பிறந்த விசுவநாதன் ஆனந்த். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பின்னர் உலக வாகையர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரிலே, பதினெட்டே வயதான சென்னைப் பிள்ளை குகேஷ், சீனத்தின் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று உலக வாகையரானார். பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். சமநிலையிலே முடியும் என்று எல்லாரும் எண்ணியிருந்த நேரம். 55ஆவது நகர்த்தலிலே டிங் தம் யானைக் காயைத் தவறான கட்டத்திலே வைத்தார். குகேஷ் அதைக் கண்டுகொண்டார். மூன்று வாரப் போராட்டத்தின் முடிவு அந்த ஒரு கட்டத்திலே அடங்கிப்போயிற்று. டிங்கின் கையை எவரும் பிடித்து இழுக்கவில்லை. பகடை எதுவும் உருளவில்லை. பலகையிலே ஒளிவு மறைவு இல்லை. இருவர் பார்த்ததும் ஒரே பலகை.

இந்த ஒரே பலகை என்பதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையின் மறுமுனைக்கு வருகிறோம்.

ரம்மிக் கம்பெனிக்காரர்கள் நீதிமன்றத்திலே என்ன வாதாடினார்கள்? "எங்கள் ஆட்டம் சூதல்ல, திறமை. எந்தச் சீட்டை எடுப்பது, எதை விடுவது என்று ஆடுபவனே தீர்மானிக்கிறான், முடிவு அவன் கையில்" என்றார்கள். நாம் இவ்வளவு நேரம் போற்றிய அதே குணத்தைத் தம் கேடயமாகத் தூக்கிப் பிடித்தார்கள்! அதற்கு ஆதாரமாக 1968ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டினார்கள். செகந்திராபாத்திலே ஒரு மனமகிழ் மன்றத்திலே உறுப்பினர்கள் ரம்மி ஆடியதைப் பற்றிய வழக்கு அது. மூன்று சீட்டைப் போல ரம்மி முழு அதிர்ஷ்டமன்று. விழுந்த சீட்டை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் பெரும்பாலும் திறமையே என்றது தீர்ப்பு. உண்மை. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலே மன்றத்தின் உரிமையாளன் லாபம் எடுத்தால், அது குற்றமாகலாம் என்று! இந்தப் பாதியை விழுங்கிவிட்டு அந்தப் பாதியை முழங்கினார்கள்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இணையவழி மேசையிலே எவன் ஜெயித்தாலும் கம்பெனிக்கு ஒரு பங்கு. எவன் தோற்றாலும் கம்பெனிக்கு ஒரு பங்கு. தோற்பதற்கு வழியே இல்லாத ஓர் ஆட்டக்காரன் அந்த மேசையிலே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஆடுவது யார், எத்தனை பேர் என்பதை இளைஞன் பார்க்க முடியாது. நள்ளிரவிலே "வா, போனஸ் தருகிறோம்" என்று அழைப்பது எவர் என்பதையும் பார்க்க முடியாது. சீட்டை இறக்கும் விரல் அவனுடையது. ஆனால் அவனையே நகர்த்தும் கை வேறு. பாரதத்துத் தருமன்கூடத் தானேதான் ஆட உட்கார்ந்தான். உருட்டியவன் சகுனி அல்லவா? துரியோதனனுக்காகப் பகடையைக் கையில் எடுத்த அந்த மாமன், கண்ணெதிரேயாவது உட்கார்ந்திருந்தான்!

சட்டம் பட்ட பாட்டையும் சுருக்கமாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டின் முதல் தடையை 2021 ஆகஸ்டிலே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2022 அக்டோபரிலே சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. அது ஆளுநர் மாளிகையிலே மாதக்கணக்கில் கிடந்து, 2023 மார்ச்சிலே திரும்பி வந்தது. மறுபடி நிறைவேறி ஏப்ரலில் சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரிலே, சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்றது உயர் நீதிமன்றம். மீண்டும் அதே திறமை வாதம். 2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டந்தான், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டம் எதுவானாலும் கூடாது என்றது. நல்லது. ஆனால் திருப்பூர்க் கூலியை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. ஒரு கதவை மூடினால் வேறு பெயரிலே வேறு கதவு திறக்கும் வித்தையும் நாம் அறியாததல்ல.

திரையிலே ஆடும் ஆட்டமெல்லாம் நஞ்சு என்று நாம் கூறவில்லை. 2023ஆம் ஆண்டு கனடாவிலே "வெண்பா" என்று ஓர் ஆட்டம் செய்தார்கள். அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று ஆடுபவன் யோசிக்க வேண்டும். மகனோடு என்ன பேசுவது என்றும் அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிட்டனின் பாஃப்டா விருதே அதற்குக் கிடைத்தது. கதையின் போக்கை எழுதியவர்தான் வகுத்திருக்கிறார். ஆனாலும் ஆடுபவன் மனம் விழித்திருக்கிறது, அவன் சட்டைப்பையிலே எவரும் கை விடவில்லை.

ஆக, தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இது. ஒவ்வொரு கிளையிலும் படிப்பகம் இருக்கிறது. பல படிப்பகங்களிலே காலை எட்டு மணிக்குப் பத்திரிகை வரும், ஒன்பதுக்குப் படித்து முடிந்துவிடும், பிறகு பூட்டு. மாலையிலே அதைத் திறந்து வையுங்கள். ஒலிம்பியாடை ஒட்டி அரசுப் பள்ளிகளிலே சதுரங்கப் போட்டி நடத்தினார்கள். அதிலே ஆடிய நம் பிள்ளைகள் அதன் பிறகு எங்கே ஆடுவார்கள்? பலகை மலிவு, பயிற்சி கொடுப்பவர்தான் அருமை. தெரிந்த தோழர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு மாலை உட்கார்ந்தால் போதும். ஆடு புலிக்கு அந்தச் செலவும் இல்லை. ஒரு சுண்ணாம்புக் கட்டி, பதினைந்து புளியங்கொட்டை, மூன்று கல். பந்தயம் மட்டும் கூடாது. ஒரு டீக்குக்கூடக் கூடாது. எந்த ஊர் என்று பார்க்காமல், பெண்களுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்; பல்லாங்குழிப் பலகையைப் புழக்கடையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அந்தத் திண்ணையிலே ஆட்டம் முடியுமுன்பே நமக்குப் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது பார்த்தோம்: இரண்டு புலி அடைபட்டு நின்றன, மூன்றாவதற்கு ஒரே ஒரு வழி பாக்கி. மருமகன் முகத்திலே சிரிப்பு இல்லை. மறுமுனை இளைஞன் மட்டும் தலை நிமிரவே இல்லை.

அவனைப் போன்ற ஒருவன் உங்கள் தெருவிலும் இருப்பான். அவனிடம் போய் உபதேசம் செய்யாதீர்கள், கேட்கமாட்டான். ஒரு மாலை படிப்பகத்துக்குக் கூப்பிடுங்கள். முதல் ஆட்டத்திலே ஆட்டை அவனிடம் கொடுத்துவிட்டு, புலியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.